பொதியும் சட்டமும்

பொதி என்னுஞ் சொல் எம்மொழியில் மிகப் பழையது. கட்டிய சோறு பொதிசோறு. சுமை தாங்கிய எருது பொதியெருது. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியிலே அப்பரடிகளுக்குப் பொதிசோறு அளிக்கப்பட்ட வரலாற்றைப் பெரியபுராணம் படித்தோர் அறிவர். அச்சோறு எந்த இலையிற் பொதியப்பட்டது என்று எவரும் வினாவியதில்லை. வினாவ வேண்டிய தேவையும் அக்காலத்தில் எழவில்லை. வாழையிலையாயினும் தாமரையிலையாயினும் உண்டபின் எறிந்தால் மாடு தின்னும், அன்றேல் மண் தின்னும். பொதியப்பட்ட பொருளைப்பற்றிச் சிந்தித்தார்களேயன்றிப் பொதியும் பொருளைப்பற்றி எவரும் சிந்தித்தாரல்லர்.

இன்று நிலை அதுவன்று. நண்பகலிலே கொழும்பிலாயினும் யாழ்ப்பாணத்திலாயினும் ஒரு சாப்பாட்டுப் பார்சலை அவிழ்ப்போமாயின், வெளியிலே செய்தித்தாள், உள்ளே 'லஞ்ச் சீற்' என வழங்கும் மெல்லிய தாள், அதன்மேல் ஆவி பறக்கும் சோறு, அதன் பக்கத்திலே எண்ணெய் மிதக்குங் குழம்பு என்பவற்றைக் காண்கின்றோம். அம் மெல்லிய தாள் எதனாற் செய்யப்பட்டது, அதனின்றும் உணவினுள் ஏதேனும் இறங்குமா, எறிந்தபின் அதற்கு என்ன நேர்கின்றது, இவற்றைப்பற்றி அரசு விதித்துள்ள சட்டம் யாது, அச்சட்டம் போதியதா என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகும் பொருள். விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கும், வணிகத்திலும் நிருவாகத்திலும் சட்டத்துறையிலும் பணிபுரியும் பழைய மாணவர்க்கும் இது ஒருங்கே உரிய பொருளென எண்ணுகின்றோம்.

முதலிற் சிறிது இரசாயனம். பிளாத்திக்கு என்பது ஒரு பொருளின் பெயரன்று, ஓரினத்தின் பெயர். சிறிய மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் மணிகள் போலக் கோக்கப்பட்டு நீண்ட சங்கிலிகளாவதைப் பல்பகுதியம் என்கின்றோம். கோக்கப்படும் ஒவ்வொரு மணியும் ஒருபகுதியம். எதிலீன் கோக்கப்பட்டாற் பொலித்தீன். ஸ்தைரீன் கோக்கப்பட்டாற் பொலிஸ்தைரீன். வைனைல் குளோரைட்டுக் கோக்கப்பட்டாற் பீ.வீ.சீ. எனச் சுருக்கமாக வழங்கும் பொலிவைனைல் குளோரைட்டு. பொலித்தீன் 1933 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, கிப்சன், போசெற் என்னும் இரு இரசாயனர் உயரமுக்கத்தில் வேறொரு தாக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது எதிர்பாராத வகையில் வெண்மெழுகுபோற் கிடைத்தது. அதிலே காபனும் ஐதரசனும் அன்றி வேறு மூலகம் இல்லை. பீ.வீ.சீ.யிலோ நிறையின் அரைப்பங்கிற்கு மேல், ஏறக்குறைய நூற்றுக்கு 57 பங்கு, குளோரீன் ஆகும். இவ்விரண்டையும் 'பிளாத்திக்கு' என்னும் ஒரே பெயரால் அழைத்து ஒரே குப்பைக் கூடையில் இடுதல், நல்ல பாம்பையும் சாரைப் பாம்பையும் ஒரே பெட்டியில் இடுதல் போல்வதாகும்.

சங்கிலியாகக் கோக்கப்பட்ட பல்பகுதியம் பெரும்பாலும் சோம்பலான பொருள்; எளிதில் எதனோடும் தாக்கமுறாது. தீங்கு வேறு மூன்று வாயில்களால் வருகின்றது. கோக்கப்படாது எஞ்சிய ஒருபகுதியங்கள் பிளாத்திக்கினுள்ளே தங்கியிருத்தல் ஒன்று. மென்மைக்கும் நிறத்திற்கும் உறுதிக்குமாகச் சேர்க்கப்படும் சேர்பொருட்கள் மற்றொன்று. பிளாத்திக்கு எரியும்போது பிறக்கும் புகை மூன்றாவது. இவற்றுள் சேர்பொருள் என்பது பலர் அறியாதது. இயல்பிலே கடினமான பீ.வீ.சீ.யைத் துணிபோல் வளையச் செய்தற்குப் பிதலேற்று முதலிய மென்மையாக்கிகளைக் கலக்கின்றனர். அவை சங்கிலியோடு பிணைக்கப்பட்டிருப்பதில்லை, இடையிடையே தங்கியிருப்பனவேயாம். ஆதலின் வெளியேறவும் வல்லன. நீரிலே அரிதாகவும் கொழுப்பிலே எளிதாகவும் கரைவன. தேங்காய்ப்பாலும் நல்லெண்ணெயும் இல்லாமற் கறி சமைக்க அறியாத எம்மவர்க்கு இவ்வேறுபாடு சிறியதன்று. சூடும் எண்ணெயும் நேரமும் ஒன்றுகூடினால் பொதியிலிருந்து உணவிற்கு இடம்பெயரும் பொருளின் அளவு கூடும். இது எல்லாப் பிளாத்திக்குகளுக்கும் பொதுவான விதி.

இத்தகைய தீங்கைச் சட்டம் முதன்முதலில் எவ்வாறு எதிர்கொண்டது என்பதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வைனைல் குளோரைட்டின் கதை. 1970 ஆம் ஆண்டளவில் வியோலா என்னும் இத்தாலிய வைத்தியரும், அவருக்குப்பின் மல்தோனி என்பாரும் வைனைல் குளோரைட்டு வாயுவைச் சுவாசித்த எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாதலைக் கண்டனர். 1974 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரிலுள்ள ஒரு பீ.வீ.சீ. தொழிற்சாலைத் தொழிலாளர் சிலர் ஈரலில் மிக அரிதாகத் தோன்றும் ஒருவகைப் புற்றுநோயால் இறந்தமை வெளியாயிற்று. அரிய நோயாதலின் காரணத்தை மறைக்க முடியவில்லை. தொழிற்சாலைக் காற்றிலே பத்து இலட்சத்தில் 500 பங்குவரை இருக்கலாம் என அதுவரை இருந்த எல்லை, ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது.

பொதியிடலைப் பொறுத்தவரை நிகழ்ந்தது யாதெனில், பீ.வீ.சீ. போத்தல்களில் அடைக்கப்பட்ட மதுபானத்தில் வைனைல் குளோரைட்டு இறங்கியிருந்தமை 1973 ஆம் ஆண்டிலேயே தெரியவந்தது. மதுசாரம் அதனை நன்கு கரைத்தெடுத்தது. அத்தகைய போத்தல்களில் மதுவை அடைத்தல் அந்நாட்டிலே நிறுத்தப்பட்டது. ஐரோப்பியச் சமூகம் 1978 ஆம் ஆண்டில் ஒரு பணிப்புரையை வெளியிட்டு, உணவைத் தொடும் பீ.வீ.சீ.யின் ஒரு கிலோகிராமில் வைனைல் குளோரைட்டு 1 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது எனவும், உணவினுள்ளே ஒரு கிலோகிராமுக்கு 0.01 மில்லிகிராம்கூடக் காணப்படலாகாது எனவும் விதித்தது. இச்சட்டத்தின் அமைப்பை மாணவர் உற்று நோக்குதல் வேண்டும். போத்தலைத் தடுக்கவில்லை, பையைத் தடுக்கவில்லை, ஒரு பதார்த்தத்திற்கு ஓர் எண்ணை எல்லையாக வைத்தது. கைத்தொழிலாளர் முதலில் முணுமுணுத்தனர். பின்னர் எஞ்சிய ஒருபகுதியத்தை ஆவியினாற் கழுவி நீக்கும் முறையைக் கைக்கொண்டனர். தொழில் அழியவில்லை, தூய்மையாயிற்று.

பதார்த்தத்திற்கு எல்லை வைக்கும் இம்முறை பின்னர் வேறு வடிவங்களையும் பெற்றது. 1994 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பொதியிடற் பணிப்புரை, ஈயம், கட்மியம், இரசம், அறுவலுக் குரோமியம் ஆகிய நான்கும் ஒரு பொதியில் மொத்தமாக எவ்வளவு இருக்கலாம் என்பதை 1998 இல் பத்து இலட்சத்தில் 600 பங்கு, 1999 இல் 250 பங்கு, 2001 இல் 100 பங்கு எனப் படிப்படியாக இறக்கியது. ஒரே நாளில் 100 என்று விதித்திருப்பின் மை செய்வோரும் தகரம் செய்வோரும் வழக்காடியே பத்தாண்டைக் கழித்திருப்பர். படிகள் வைத்தமையால் ஒவ்வொரு படியிலும் மாற்றுப்பொருள் தேட அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. தகரப் பேணிகளின் உட்பூச்சிலே பயன்படும் பிஸ்பீனோல்-ஏ என்னும் பதார்த்தத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வாறே அணுகியது: 2011 இல் குழந்தைகளின் பாற்போத்தல்களிலிருந்து விலக்கி, 2025 ஜனவரி 20 இல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதியினால் உணவைத் தொடும் பொருட்கள் யாவற்றிற்கும் தடையை விரித்து, சிலவகைப் பேணிகளுக்கு நீண்ட தவணையும் அளித்தது. தென்கொரியா மறுவழி சென்றது. 2019 டிசெம்பர் 25 முதல் பொதியிடலில் பீ.வீ.சீ.யை முற்றாகவே விலக்கி, மருந்துப் பொதி முதலிய சிலவற்றிற்கு மாத்திரம் விலக்களித்தது. அதற்கு அவர்கள் காட்டிய காரணம் உடல்நலம் அன்று, மீள்சுழற்சி. மற்றைய பிளாத்திக்குகளோடு சிறிதளவு பீ.வீ.சீ. கலந்து உருக்கப்பட்டாலும் ஐதரசன் குளோரைட்டு வெளியேறி இயந்திரத்தை அரித்து, உருக்கிய முழுவதையும் பழுதாக்கிவிடும்.

இனி எம்நாட்டிற்கு வருவோம். இலங்கையிலே இப்பொருளைத் தொடும் சட்டங்கள் இரண்டு. இரண்டும் 1980 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டவை என்பது ஓர் ஒற்றுமை. ஒன்று 26 ஆம் இலக்க உணவுச் சட்டம். சுகாதார அமைச்சின் கையிலுள்ளது. மற்றொன்று 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். அதன் வழி தோன்றியதே மத்திய சுற்றாடல் அதிகாரசபை. சுற்றாடலின் தன்மைக்குக் கேடு விளைக்கத்தக்க எப்பொருளையும் எத்தொழிலிலும் பயன்படுத்தலாகாதென வர்த்தமானியில் ஆணை வெளியிடும் அதிகாரத்தை இரண்டாவது சட்டம் அமைச்சருக்கு வழங்குகின்றது. பாராளுமன்றம் மீண்டும் கூடிப் புதுச்சட்டம் ஆக்கவேண்டியதில்லை. வர்த்தமானியின் ஒரு பக்கம் போதும். எம்நாட்டுப் பிளாத்திக்குத் தடைகள் யாவும் இவ்வாயிலாலேயே வந்தன.

முதலாவது ஆணை 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 20 மைக்கிரோனும் அதற்குக் குறைந்ததுமான தடிப்புடைய பொலித்தீன் விலக்கப்பட்டது. மெல்லிய பையே காற்றிற் பறந்து வாய்க்காலை அடைப்பது, பொறுக்கி விற்பதற்கும் பயன்படாதது என்பது இதன் கருத்து. அயல்நாடாகிய வங்காளதேசம் 1988, 1998 ஆம் ஆண்டுகளின் பெருவெள்ளங்களிலே அடைபட்ட வடிகால்களைக் கண்டு, 2002 இல் உலகிலேயே முதலாவதாக மெல்லிய பொலித்தீன் பைகளை நாடெங்கும் தடுத்தமை இதற்கு முன்மாதிரியாயிற்று என்று கொள்ளலாம்.

ஆயின் 20 மைக்கிரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கு. அதனைச் சந்தையில் நின்று எவர் அளப்பார்? எமது ஆய்வுகூடத்திலுள்ள நுண்மானித் திருகுக் கணிச்சியின் இழிவெண்ணிக்கை 0.01 மில்லிமீற்றர். ஒற்றைத் தாளை அதன் தாடைகளிடையே வைத்தால் இரண்டு பிரிவு அசையும். அளவிடுவோனின் கைநடுக்கமே ஒரு பிரிவுக்குச் சமம். ஆதலின் தாளை ஐந்து முறை மடித்தல் வேண்டும். ஐந்து மடிப்பில் முப்பத்திரண்டு படை உண்டாகும். 20 மைக்கிரோன் தாளாயின் 0.64 மில்லிமீற்றர் காட்டும். 15 மைக்கிரோனாயின் 0.48 மில்லிமீற்றர். இடையிலே காற்றில்லாதவாறு அழுத்திப் பிடித்தால் வேறுபாடு ஐயமின்றிப் புலப்படும். பத்தாம் வகுப்பு மாணவன் பத்து நிமிடத்திற் செய்யத்தக்க இப்பரிசோதனை, கடைக்காரனும் பரிசோதகரும் வாடிக்கையாளரும் கூடி நிற்கும் சந்தையிலே எளிதன்று. கண்ணாற் கண்டு கண்டிக்க இயலாத குற்றத்தை விதித்த சட்டம் பத்தாண்டுக் காலம் ஏட்டளவிலே பெரும்பாலும் உறங்கிக் கிடந்தது.

அதனை எழுப்பியது ஒரு பேரவலம். 2017 ஏப்பிரில் 14 ஆம் நாள், நாடு புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த வேளையிலே, கொழும்பின் அயலிலுள்ள மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிந்திருந்த குப்பை சரிந்து குடிமனைகளை மூடியது. 30 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மாண்டவர் குப்பையை எறிந்தவரல்லர். எறிந்தவர் வாழும் தெருக்களுக்கு அப்பால், வேறிடத்து மனை வாங்க வசதியற்றமையால் அங்கே குடியிருந்தவர். இதனை ஈண்டு அழுத்திக் கூறுதல் தகும் என நினைக்கின்றோம். ஏனெனில் பொதியின் தீங்கைப்பற்றிப் பேசும்போது உண்பவனின் உடம்பை மாத்திரமே எண்ணுகின்றோம். பொதி சென்று சேருமிடத்தில் வாழ்பவனை எண்ணுவதில்லை.

அவ்வாண்டு செத்தெம்பர் 1 ஆம் நாள் வரிசையாக வர்த்தமானி ஆணைகள் வெளியாயின. 20 மைக்கிரோன் தடை புதுப்பிக்கப்பட்டது. பொலித்தீன் லஞ்ச் சீற், உயரடர்த்திப் பொலித்தீனாலாகிய சொப்பிங் பை, றெஜிபோம் எனப்படும் நுரைத்த பொலிஸ்தைரீனாலாகிய உணவுப் பெட்டி, தட்டு, கோப்பை, கரண்டி என்பன விலக்கப்பட்டன. அரசியல், சமயம், கலாசாரம் முதலிய எந்நிகழ்ச்சியிலும் பொலித்தீனால் அலங்கரித்தல் ஆகாதெனப்பட்டது. பிளாத்திக்கு உட்படக் குப்பையைத் திறந்தவெளியில் எரித்தலும் குற்றமாயிற்று.

அலங்காரத் தடையைப்பற்றி ஒரு சொல். குருத்தோலைத் தோரணம் கட்டத் தெரிந்தவர் ஒவ்வொரு குறிச்சியிலும் இன்றும் உளர். அங்ஙனமிருக்கத் திருவிழாக் காலத்திலே வீதியின் இருமருங்கும் நிறநிறமான பொலித்தீன் கொடிகளைக் கட்டி, விழா முடிந்தபின் அவை கிழிந்து வேலியிலும் மின்கம்பியிலும் தொங்குமாறு விட்டுவிடுதல் எவ்வகையில் அழகாகும் என்பது எமக்கு விளங்கவில்லை. ஓலைத்தோரணம் மூன்றாம் நாள் வாடும் என்பர். வாடுதற்குரியது வாடுவதிலே குறையொன்றுமில்லை.

எரித்தலைப்பற்றிய தடையோ உண்மையில் யாவற்றிலும் முதன்மையானது; யாவற்றிலும் குறைவாகப் பேணப்படுவதும் அதுவே. மாலையிலே முற்றத்தைக் கூட்டி, சருகோடு பைகளையும் சேர்த்து மாமரத்தடியிற் கொளுத்துதல் எம்மூர்களிற் பழக்கம். நுளம்பு ஓடும் என்று அதற்கு ஒரு நியாயமுங் கூறப்படும். வெறும் பொலித்தீன் நன்றாக எரியுமாயின் காபனீரொட்சைட்டும் நீருமே பெரும்பாலும் தரும். ஆனால் முற்றத்து நெருப்பு நன்றாக எரிவதில்லை, புகைந்து கனல்கின்றது. அதனுள் ஒரு துண்டு பீ.வீ.சீ. கிடந்தால், அதன் குளோரீன் ஐதரசன் குளோரைட்டாகி மூக்கையும் தொண்டையையும் அரிப்பதோடு, தாழ்ந்த வெப்பத்திலே டயொட்சின் என்னும் இனத்து நஞ்சுகளும் பிறக்கின்றன. அவை கொழுப்பிற் சேர்ந்து நெடுங்காலம் தங்குவன. புல்லிற் படிந்து, பசுவின் பாலில் ஏறி, மீண்டும் எம்மிடமே வருவன.

லஞ்ச் சீற் தடையினால் நேர்ந்ததையும் நடுவுநிலையிற் கூறவேண்டும். சிறுகைத்தொழிலாளர் பலர் தம் இயந்திரங்களைக் கடன்பட்டு வாங்கியவர். தடை நடைமுறைக்கு வரும் நாளும் தடை அறிவிக்கப்பட்ட நாளும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தமையால், இருப்பைத் தீர்க்க ஆண்டிறுதிவரை தவணை கேட்டுப் பெறவேண்டியதாயிற்று. உணவுக்கடைக்காரரோ மாற்றுத் தாளின் விலையைப் பார்சலின் விலையிற் சேர்த்தனர். அல்லது வேறெங்கும் சேர்க்க இயலாமற் சோற்றிலே குறைத்தனர். 'உக்கும் தாள்' என்று அச்சிட்ட பலவகைத் தாள்கள் சந்தைக்கு வந்தன. இவற்றிலே மெய்யாகவே உக்குவனவும் உண்டு. பொலித்தீனோடு ஓர் உலோக உப்பைச் சேர்த்து, வெயிலில் துண்டு துண்டாக உதிருமாறு செய்யப்பட்டனவும் உண்டு. உதிர்தல் வேறு, உக்குதல் வேறு. உக்கும் பொருளை நுண்ணுயிர் தின்று முடிக்கின்றது. உதிரும் பொருளோ கண்ணுக்குப் புலனாகாத தூளாகி மண்ணிலும் நீரிலும் அப்படியே இருக்கின்றது. தடைசெய்யப்பட்ட பை பொறுக்கியெடுக்கக் கூடியதாயேனும் இருந்தது. வெறுங்கண்ணால் இவ்விருவகைத் தாளையும் வேறுபடுத்தல் இயலாது, ஆய்வுகூடம் வேண்டும். இங்கும் 20 மைக்கிரோனின் கதையே.

2021 ஜனவரி 21 ஆம் நாள் வெளியாகிய ஆணைகள் ஒருபடி முன்னேறியன. 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராம் அளவும் அதற்குட்பட்டதுமான சிறுபொதிகள், உணவும் மருந்தும் நீங்கலாக, அவ்வாண்டு மார்ச்சு 31 முதல் விலக்கப்பட்டன. பிளாத்திக்குத் தண்டுடைய காதுக்குடம்பி, ஊதிப் பருக்கும் விளையாட்டுப் பொருட்கள் என்பனவும் சில விலக்குகளோடு தடுக்கப்பட்டன. இவற்றிலும் எம் கருத்தைக் கவர்வது வேறொன்று: விவசாய இரசாயனங்களைப் பீ.வீ.சீ.யிலேனும், குடிநீர்ப் போத்தல் செய்யும் பெற் என்னும் பிளாத்திக்கிலேனும் அடைத்தலாகாது என்னும் விதி. இதன் காரணத்தை நாம் இவ்வாறு விளங்கிக்கொள்கின்றோம். நஞ்சு அடைத்த போத்தலும் நீர் அடைத்த போத்தலும் ஒரே பொருளாயின், இரண்டும் ஒரே சாக்கில் விழும். ஒரே உலையில் உருகும். தோட்டத்து மூலையில் எறியப்பட்டதைக் கழுவி மண்ணெண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ எடுத்து வைக்கும் வீடுகளும் எம்மிடையே இல்லாமலில்லை. பொதியின் பொருளையே பிரித்து வைத்தமை நுண்ணிய விவேகம்.

அதே நாளில் வெளியான மற்றோர் ஒழுங்குவிதி, பிளாத்திக்குப் பொருள்களில் அவற்றின் இனத்தைக் காட்டும் குறியைப் பொறித்தல் வேண்டும் என்றது. போத்தலின் அடியில் முக்கோணத்தினுள் 1 முதல் 7 வரையுள்ள எண்ணொன்று இருப்பதை மாணவர் கண்டிருப்பர். 1 பெற், 2 உயரடர்த்திப் பொலித்தீன், 3 பீ.வீ.சீ.; 4 தாழடர்த்திப் பொலித்தீன்; 5 பொலிபுரோப்பிலீன்; 6 பொலிஸ்தைரீன்; 7 ஏனையவை. இவ்வெண் தரத்தையேனும் பாதுகாப்பையேனும் குறிப்பதன்று. இனத்தை மாத்திரம் குறிப்பது. 5 என்றிருப்பது 3 ஐவிட இரண்டு மடங்கு நல்லதென்று எண்ணிவிடலாகாது. ஆயினும் 3 என்றிருக்கும் பாத்திரத்திலே சுடுகறியை ஊற்றாதிருக்கவும், 6 என்றிருக்கும் கோப்பையிலே கொதிநீர்த் தேநீரை வார்க்காதிருக்கவும் அது துணைபுரியும். பொலிஸ்தைரீனின் ஒருபகுதியமாகிய ஸ்தைரீனை, மனிதரிற் புற்றுநோயை விளைக்கக்கூடும் எனப் பெரிதும் கருதப்படும் பொருள்களின் வகுப்பிலே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2018 இற் சேர்த்தது.

சிறுபொதித் தடையை எல்லாரும் வரவேற்றனர் என்று கூறுதற்கில்லை. நாட்கூலி பெறுபவள் ஒரு பெரிய போத்தற் சம்பூவுக்குரிய பணத்தை ஒருங்கே ஒருநாளும் காணமாட்டாள். அவளுக்குச் சிறுபொதி ஆடம்பரமன்று. அவளுடைய கூலியின் அளவுக்கு வெட்டப்பட்ட பொருள். முன்னாளிலே கடைக்காரர் சீனியையும் தேயிலையையும் பேப்பர்ச் சரையிற் சுற்றிக் கால் இறாத்தலாகவும் அரைக்கால் இறாத்தலாகவும் கொடுத்தனர். எண்ணெயை வீட்டுப் போத்தலில் அளந்து வார்த்தனர். அளந்து விற்கும் அவ்வழக்கத்தை மீட்காமற் சிறுபொதியை மாத்திரம் நீக்கினால், நீக்கியதன் செலவு அவள் தலையிலேயே விழும். சட்டம் இதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

2023 ஒற்றோபர் 1 முதல் உறிஞ்சுகுழல், கலக்கி, தட்டு, கோப்பை, கத்தி, முட்கரண்டி, யோகட் கரண்டி உள்ளிட்ட கரண்டிகள், பிளாத்திக்குப் பூமாலை, இடியப்பத் தட்டு ஆகியன ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாத்திக்குத் தடைக்குள் அடங்கின. 2025 நவம்பர் 1 முதல் பேரங்காடிகள் சொப்பிங் பையை இலவசமாக வழங்கலாகாதென நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பணித்தது. இது தடையன்று, விலை. இலவசமாய் வந்த பையை எண்ணாது வாங்கியவர், சில ரூபா கொடுக்க நேர்ந்தபோது வீட்டிலிருந்து பை கொண்டுவரத் தொடங்குவர் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம்.

மேற்கூறிய ஆணைகளை ஆண்டு முறையில் நிரைப்படுத்தி நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். மெல்லிய பை 2007 இல். லஞ்ச் சீற் 2017 இல். இடியப்பத் தட்டு 2023 இல். உடம்புக்கு வரும் தீங்கின் முறையில் வைத்தால் இந்நிரை தலைகீழாயிருத்தல் வேண்டும். சொப்பிங் பை பெரும்பாலும் பொதி செய்யப்பட்ட பொருளையே தாங்குவது. உணவைத் தொடுவது அரிது. லஞ்ச் சீற் சுடுசோற்றைத் தொடுவது. இடியப்பத் தட்டோ கொதிநீராவியிலே, நூறு பாகை வெப்பத்திலே, ஈரமாவைத் தாங்கிக் காலையும் மாலையும் அவிவது. எவ்வினப் பிளாத்திக்கென்று அடியிற் குறியுமில்லாதது. அதுவே ஈற்றில் தடுக்கப்பட்டது. காரணம் வெளிப்படை. எமது தடைகள் சுற்றாடற் சட்டத்தின் கீழ் வந்தவை. அச்சட்டம் வாய்க்காலையும் கடற்கரையையும், அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிலே பொலித்தீனைத் தின்று மாளும் யானைகளையும் காண்கின்றது. உண்பவனின் குடலைக் காண்பது அதன் தொழிலன்று. குடலைக் காணவேண்டிய உணவுச் சட்டத்தின் கீழும் பொதியிடற் பொருட்களுக்கான ஒழுங்குவிதிகள் உள்ளனவெனினும், அவை பார்சற் கடை வாயிலில் வந்து நிற்பதை எவரும் காண்பதரிது. ஓரமைச்சு பொருளின் வடிவத்தைத் தடுக்கின்றது. மற்றோரமைச்சு பதார்த்தத்தை எல்லைப்படுத்தும் அதிகாரம் உடையது. இரண்டும் ஒரு மேசையில் அமர்வதில்லை.

வடிவத்தைத் தடுக்கும் சட்டத்திற்கு ஒரு பயன் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. யோகட் கரண்டியைக் கண்ட மாத்திரத்தே எப்பரிசோதகரும் அறிவார். கணிச்சியும் வேண்டா, ஆய்வுகூடமும் வேண்டா. ஆனால் வடிவம் முடிவற்றது. 20 மில்லிலீற்றர் தடுக்கப்பட்டால் அடுத்த மாதம் 25 மில்லிலீற்றர்ப் பொதி வரும். ஒவ்வொரு புதுவடிவுக்கும் ஒரு வர்த்தமானி வெளியிடுதல், துளையுள்ள தோணியிலே துளைதோறும் விரல் வைப்பது போன்றது. பதார்த்தத்தை எல்லைப்படுத்தும் சட்டமோ ஒருமுறை வைக்கப்பட்டால் எவ்வடிவத்தையும் தொடரும். அதற்கு வேண்டுவன மூன்று: பொதியிற் கலக்கத்தக்க சேர்பொருள்களின் அங்கீகரித்த நிரல், இறக்குமதித் துறையிலே மாதிரி எடுக்கும் முறை, அம்மாதிரியைச் சோதிக்கும் ஆய்வுகூடம். இலங்கை பிளாத்திக்கின் மூலப்பொருளைத் தானே செய்வதில்லை. மணியுருவில் வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்குகின்றது. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக் கடலில் எரிந்தபோது மேற்குக் கரையெங்கும் வெண்மணலோடு கலந்து ஒதுங்கிய மணிகள் அவையே. வாயில் மிகச் சிலவாதலின் காவலும் எளிது. ஆயிரம் கடைகளில் ஆயிரம் பரிசோதகர் செய்ய இயலாததை ஒரு துறைமுகத்தில் ஓர் ஆய்வுகூடம் செய்தல் கூடும்.

தண்டத்தைப்பற்றியும் ஒரு குறிப்பு. 2017 ஆம் ஆண்டு ஆணைகள் வந்தபோது, அவற்றை மீறுவோருக்கு விதிக்கத்தக்க உச்ச தண்டப்பணம் 10,000 ரூபா, அல்லது ஈராண்டு மறியல், அல்லது இரண்டும். சோற்றுக் கடைக்காரனுக்கு அது ஒருநாள் வருவாய்க்கு மேற்பட்டது. மாதந்தோறும் தொன்கணக்கிற் பை அடிக்கும் உற்பத்தியாளனுக்கோ தேநீர்ச் செலவு. ரூபாவின் பெறுமதி தேயத் தேயத் தண்டமும் தேய்கின்றது. எண்ணைச் சட்டத்தில் எழுதுவதற்குப் பதிலாக, உற்பத்தியின் அளவோடு ஏறும் வீதமாக எழுதியிருப்பின் இக்குறை நேராது.

மாற்றுப்பொருளைப்பற்றி எம் வடபுலத்தார்க்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பனங்கட்டி இன்றும் ஓலைக் குட்டானிலேயே வருகின்றது. சூடான பாகை ஊற்றுவதற்கு அதனினும் சிறந்த பொதியை எக்கைத்தொழிலும் இதுவரை தந்ததில்லை. உமலும் கடகமும் பெட்டியும் பிளாவும் எம் பாட்டன்மார் கைப்பட்ட பொருட்கள். 1978 இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை இத்துறைக்கென்றே உளது. ஆயின் ஒன்றை மறைத்தலாகாது: ஒரு குட்டான் இழைக்க ஒரு பெண்ணின் கைக்கு எடுக்கும் நேரத்தில் இயந்திரம் ஆயிரம் பைகளை அடித்துத் தள்ளும். அவளுடைய நேரத்திற்குரிய கூலியை எவர் கொடுப்பது என்பதே கேள்வி. பொலித்தீன் பையின் விலையிலே குப்பை அள்ளுங் கூலியும், அடைபட்ட வாய்க்காலைத் திறக்குங் கூலியும், மீதொட்டமுல்லையின் இழப்பும் சேர்க்கப்படுமாயின் எது மலிவு என்பது அன்று தெரியும். இப்போது அவை பையின் விலையிற் சேராமல் நகரசபையின் வரிக்கணக்கிற் சேர்கின்றன.

உலகம் முழுவதற்கும் பொதுவான ஓர் உடன்படிக்கை ஆக்குவதென ஐக்கிய நாடுகளின் சுற்றாடற் பேரவை 2022 மார்ச்சில் தீர்மானித்தது. 2025 ஓகத்தில் ஜெனீவாவிற் கூடிய பேச்சுவார்த்தை உடன்பாடின்றிக் கலைந்தது. பிணக்கின் மையம் நாம் மேலே ஆராய்ந்ததற்கு அயலானதே: உற்பத்தியின் அளவையும் தீங்குடைய சேர்பொருட்களையும் எல்லைப்படுத்துவதா, அன்றிக் குப்பையை அள்ளும் முறையை மாத்திரம் திருத்துவதா என்பது. எண்ணெய் விற்கும் நாடுகள் இரண்டாவதையே விரும்பின. ஜெனீவாவில் உடன்பாடு எய்தும்வரை எம் துறைமுகத்து ஆய்வுகூடம் காத்திருக்க வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய அதிகாரம் 1980 ஆம் ஆண்டின் இரு சட்டங்களிலும் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளது.